பதினொரு மணிக்கு வந்தவள்

காரியாபட்டி
2-4-1963

மதினி ஞானபூரணி அவர்களுக்கு இன்பம் எழுதுவது.

நலம் விசாரித்து ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே வாசியுங்கள். நான் எழுதுவது உங்கள் தம்பிக்குத் தெரியாது. அவர் பரீட்சைத் தாள் திருத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார்.

அன்று மார்ச் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. தலைப்பிரசவத்துக்காகத் திருத்தங்கலில் அம்மா வீட்டில் இருந்தேன். எட்டு மாதம் முடிந்திருந்தது. காலையில் எழுந்தால் புடவையில் ரத்தம். என் அம்மா இசபெல் பதறவில்லை. “ராஜசிங்கோட அக்கா அங்கன பெரிய நர்சா இருக்காக, நமக்கென்ன பயம்” என்று சொல்லிக் குதிரை வண்டி பிடித்து உங்கள் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்தாள். வராந்தாக் கடிகாரத்தில் அப்போது மணி பதினொன்று. நீங்கள் வந்தீர்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்கள், துணியைப் பார்த்தீர்கள். “இங்கன இரு இன்பம், கூப்பிடுதேன்” என்றீர்கள்.

மூன்று மணிக்கு மேல் மயங்கி விழும்வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

காய்ச்சல்காரர்களும், பேதி கண்ட பிள்ளைகளும், மூச்சு வாங்கும் கிழவர்களும் கிடந்த வராந்தாவில் கால் வைக்க இடமில்லை. பிறகு லாரி வந்தது. அதையும் பார்த்தேன். நீங்கள் பலமுறை என்னைத் தாண்டிப் போனீர்கள். முதலில் என்னைப் பார்த்துக்கொண்டு போனீர்கள். அப்புறம் பார்க்காமல் போனீர்கள். எனக்கு நினைவு திரும்பியபோது பிள்ளை இல்லை. பெண் பிள்ளை என்று மட்டும் அம்மா சொன்னாள்.

உங்கள் தம்பி கலெக்டருக்கு மனு அனுப்பிவிட்டார். நகலை வாசித்தேன். நீங்கள் புராட்டஸ்டண்டுச் சபைக்காரர், நான் கத்தோலிக்க வீட்டுப் பெண் என்பதால் எங்கள் கல்யாணத்துக்கே நீங்கள் வரவில்லை, அந்தப் பகையில்தான் வேண்டுமென்றே என்னைக் காக்க வைத்தீர்கள் என்று எழுதியிருக்கிறார். அது பொய் என்று அவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால்தான் உங்களையே கேட்கிறேன். ஏன் கூப்பிடவில்லை?

அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறேன். பதிலை நான் வேலை பார்க்கும் பெண்கள் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுங்கள்.

இன்பம்

அரசினர் ஆஸ்பத்திரி
9-4-1963

இன்பத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

எங்களுக்கு அனுமதியான படுக்கைகள் நாற்பது. சீனாச் சண்டைக்குப் பிறகு சிக்கனம் என்று மேலிருந்து உத்தரவு வந்து, மருந்துக்கும் நோயாளிகள் சாப்பாட்டுக்கும் தரும் ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். ஜனவரியிலிருந்து இருபத்துநான்கு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. பெண்கள் வார்டைப் பூட்டிச் சாவியை ஆபீசில் வைத்துக்கொண்டார்கள். இளைய டாக்டர் ராணுவத்துக்குப் போனார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. லேடி டாக்டர் இடமும் காலி. ஐந்து நர்சுகள் இருந்த இடத்தில் இப்போது நானும் பொன்னுத்தங்கமும் மட்டும். இத்தனைக்கும் டாக்டர் சீனிவாசகம் ஒருவர்தான்.

நீ வந்து அரைமணி நேரத்தில் லாரி வந்தது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும்போது வெடித்துவிட்டது. பதினான்கு பேர். கட்டியிருந்த துணி தோலோடு ஒட்டிக் கிடந்தது. கட்டில் ஏது? வாழையிலை விரித்துத் தரையில்தான் கிடத்தினோம். அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் போய்விட்டார்கள். ஒருத்தி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவேயில்லை. உயிர் போன பிறகு விரல் விரலாகப் பிரித்துத்தான் கையை எடுத்தேன்.

தீக்காயம் முதலில். அதுதான் முறை. அந்த முறைப்படிதான் நடந்தது.

மனுவைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ராஜசிங் மனம் வெந்து எழுதியிருப்பான்.

ரத்தம் நிறையப் போயிருக்கிறது. ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையும் சேர்த்துக்கொள். பாரம் தூக்காதே.

ஞானபூரணி

காரியாபட்டி
15-4-1963

மதினிக்கு,

கலெக்டருக்கு எழுத வேண்டிய பதிலை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். படுக்கைக் கணக்கு எனக்கு வேண்டாம். நான் கேட்டது வேறு.

தீக்காயம் முதலில் என்றால் ஒப்புக்கொள்கிறேன். அவர்களை லாரியிலிருந்து இறக்கியதைக் கண்ணால் பார்த்தவள் நான். என் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டதும் அதனால்தான். ஆனால் ஒரு மணிக்கு மூக்கம்மாள் வந்தாளே? அவளுக்கு என்ன தீக்காயம்? இடுப்பு வலியோடு வந்தவள்தானே. என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். என் செம்புத் தண்ணீரைக் கொடுத்தேன். வந்து கால்மணி ஆகவில்லை. நீங்கள் கதவைத் திறந்து வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்தீர்கள். நன்றாக நின்று பார்த்தீர்கள். பிறகு அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனீர்கள்.

நான் கதவுக்குப் பக்கத்தில் இருந்தேன். என் காலடியில் ரத்தம் தேங்கியிருந்தது. மிதிக்காமல் ஒதுங்கித்தான் போனீர்கள்.

அவள் பிள்ளை பிழைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். ஆனால் அது எந்த முறை, மதினி?

இன்பம்

அரசினர் ஆஸ்பத்திரி
29-4-1963

இன்பத்துக்கு,

நீ கேட்டதற்கு இதில் பதில் இல்லை. அதற்குள் வேறொன்று வந்துவிட்டது.

ராஜசிங்கின் மனுவுக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். மே இருபது, விருதுநகர் பயணியர் விடுதியில். உனக்கும் ஓலை வரும்.

நேற்று டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருஷம்தான் இருக்கிறது. வெளிநோயாளிப் பதிவேட்டை எடுத்து வைத்தார். உன் பெயருக்கு நேரே பதினொன்று என்று நான் எழுதியது இருக்கிறது. அதை இரண்டாகத் திருத்தச் சொன்னார். “சிஸ்டர், ரெண்டு மணிக்குத்தான் வந்தாகன்னு இருந்துட்டா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. மனுவே நிக்காது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அன்று பதினான்கு பேரையும் தன் கையால் பார்த்தவர். மறுநாள் காலைவரை ஒரு வாய்ச் சோறு தின்னவில்லை. பயந்துபோய் இருக்கிறார்.

நான் முடியாது என்று இன்னும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். பத்தொன்பது வருஷ உத்தியோகம் இன்பம். எனக்கு வேறு என்ன இருக்கிறது?

விசாரணையில் நீ உண்மையைச் சொல். எனக்காகப் பார்க்காதே.

ஞானபூரணி

காரியாபட்டி
6-5-1963

மதினிக்கு,

கோடை விடுமுறை விட்டுவிட்டார்கள் என்பதால் பள்ளிக்கூடத்துக்கு வந்த உங்கள் கடிதத்தைத் தபால்காரர் வீட்டிலேயே கொடுத்துவிட்டார். உங்கள் தம்பி வாங்கிப் பிரித்துவிட்டார்.

இரண்டு தடவை வாசித்தார். பிறகு, “இந்தக் கடுதாசி ஒண்ணு போதும். விசாரணையில நீட்டுனா அக்கா வேலை அன்னைக்கே போயிரும்” என்றார். எனக்குத் தெரியாமல் நீ எப்படி எழுதலாம் என்று கத்தினார். நானும் கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் அப்படிச் சத்தம் போட்டதில்லை. கடைசியில் வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். உங்களைப் பழிவாங்குவதில் அவருக்குச் சந்தோஷம் எதுவும் இல்லை. பிள்ளைக்காக ஏதாவது செய்தாக வேண்டும், வேறொன்றும் அவர் கையில் இல்லை. அவ்வளவுதான்.

கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். கொடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

பதிவேட்டில் எத்தனை மணி என்று போடுவது உங்கள் பாடு. விசாரணைக்குள் எனக்குப் பதில் வேண்டும். மூக்கம்மாளை ஏன் முதலில் கூட்டிப்போனீர்கள்? அது தெரியாமல் அங்கே போய் நின்றால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா வீட்டுக்குப் போகிறேன். திருத்தங்கலுக்கு எழுதுங்கள்.

இன்பம்

அரசினர் ஆஸ்பத்திரி
11-5-1963

அன்புள்ள இன்பத்துக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை அனுப்பிவிடுவேன்.

ஒரு மணி வாக்கில் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு, “மேசை காலியா இருக்கு, வெளிய அவசரம்னு யாராவது இருந்தா கொண்டாங்க. ஒருத்தரைத்தான் பாக்க முடியும்” என்றார். நான் கதவைத் திறந்தேன். நீயும் மூக்கம்மாளும் இருந்தீர்கள். அவளுக்கு வலி சாதாரண வலி. இன்னும் இரண்டு மணி நேரம் தாங்கியிருப்பாள். வராந்தாவிலேயே பெற்றாலும் பெற்றிருப்பாள். உள்ளே போக வேண்டியவள் நீதான். அது எனக்குத் தெரிந்தது. உன் காலடியைப் பார்த்ததுமே தெரிந்தது.

ஜனவரியில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு அம்மாவை எண்ணிக்கைக்கு மேல் சேர்த்துவிட்டேன். சொந்தக்காரர்களுக்கும் கிறிஸ்தவ வேதக்காரர்களுக்கும் சலுகை காட்டுவதாக என்மேல் புகார் போய், எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. அன்றைக்கு வராந்தாவில் சோலைமலை என்று ஒருவர் நின்றார். அவர் தம்பி உள்ளே வெந்து கிடந்தான். நீ வந்தபோது நான் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் கதவைத் திறந்ததும், “உங்க ஆளைத்தான உள்ள விடுவீக? எங்க ஆளுக வெளிய கெடந்து சாகணும்” என்றார். வலியில் அது உன் காதில் விழுந்திருக்காது. கூட்டம் முழுவதும் என் முகத்தைப் பார்த்தது.

நான் மூக்கம்மாள் கையைப் பிடித்தேன்.

நீ முன்பின் தெரியாத பெண்ணாக இருந்திருந்தால் உன்னைத்தான் உள்ளே கொண்டுபோயிருப்பேன். நீ என் தம்பி மனைவி என்பதால் விட்டுவிட்டேன். ராஜசிங் மனுவில் எழுதியது தப்பு. உங்கள் கல்யாணத்தை நான் விரும்பவில்லை, அது நிஜம். ஆனால் அன்று உன்னை வேண்டாதவளாக நினைத்துத் தள்ளவில்லை. என்னைச் சேர்ந்தவள் என்பதால் தள்ளினேன். இது அதைவிடப் பெரிய பாவமோ என்னவோ.

அதற்குப் பிறகு உன்னைப் பார்க்க எனக்கு முகமில்லை. அதனால்தான் பார்க்காமல் போனேன்.

பதிவேட்டில் கை வைக்க மாட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பதினொன்று பதினொன்றாகவே இருக்கிறது. இந்தக் கடிதத்தை நீ என்ன செய்தாலும் சரி.

ஞானபூரணி

திருத்தங்கல்
22-5-1963

மதினிக்கு,

விசாரணை அன்று நாம் இருவரும் ஒரே வராந்தாவில் இரண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. என்னை உள்ளே கூப்பிட்ட பிறகு நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் கடைசிக் கடிதம் என் பையில் இருந்தது. உங்கள் தம்பியிடமும் காட்டவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்று நாற்காலியில் உட்காரும்வரை எனக்கே தெரியாது.

அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். எத்தனை மணிக்கு வந்தீர்கள் என்றார். பதினொன்று என்றேன். எழுதிக்கொண்டார்கள். இந்த நர்சுக்கு உங்கள்மேல் பகை உண்டா என்றார். உண்டு என்று சொன்னாலே போதும் என்று அவர் காத்திருந்தது போல எனக்குத் தோன்றியது. உங்கள் பெயரைப் போட்டுக் கோப்பைக் கட்டிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்துவிடுவார்.

நான் சொன்னேன்: “பகை உண்டா இல்லையான்னு அவுகளைக் கேளுங்கய்யா. நான் நாலு மணி நேரம் ஒரு பூட்டுன கதவுல சாஞ்சு உக்காந்திருந்தேன். இடுக்கு வழியாப் பாத்தா உள்ள பதினாறு கட்டில் அடுக்கிக் கெடந்துச்சு. இந்தப் பக்கம் தரையில ஆளுக வெந்து கெடந்தாக. அது யாரு, யாரு மேல வச்ச பகைன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க.”

குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டார். இது விசாரணைக்குச் சம்பந்தமில்லை அம்மா என்றார் அதிகாரி. வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். நான் சொன்னது அதில் இல்லை. அதை எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மேசையில் வைத்துவிட்டேன். கடைசியில் எழுதினார்கள். கட்டில் எண்ணிக்கையோடு எழுதச் சொன்னேன். வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கடிதத்தைக் கொடுக்கவில்லை. உங்களைக் காப்பாற்ற என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கொடுத்தால் தப்பெல்லாம் உங்கள் ஒருவர்மேல் போய்விடும், அந்த அறை பூட்டியபடியே கிடக்கும். அதற்காகத்தான்.

மூக்கம்மாளும் சாட்சிக்கு வந்திருந்தாள், கைப்பிள்ளையோடு. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் பிள்ளையைப் பார்க்கவில்லை. என்னால் முடியவில்லை.

உங்களை நான் மன்னிக்கவில்லை, மதினி. மன்னிப்பேனா என்றும் தெரியாது. பொய் சொல்லாமல் எழுதினீர்கள். அதற்குப் பதிலாக நானும் பொய் சொல்லாமல் எழுதுகிறேன்.

இன்பம்

பரமக்குடி
8-7-1963

அன்புள்ள இன்பத்துக்கு,

உத்தரவு வந்துவிட்டது. நீ மறைத்ததை நான் விசாரணையில் நானாகவே சொல்லிவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொன்னேன். தண்டனையாக இங்கே மாற்றியிருக்கிறார்கள். உத்தியோகம் இருக்கிறது. டாக்டருக்கு எச்சரிக்கை மட்டும்.

பெண்கள் வார்டைத் திறந்துவிட்டார்களாம். பொன்னுத்தங்கம் எழுதியிருந்தாள். பதினாறு கட்டிலில் எட்டுக்குத்தான் அனுமதி. கூடுதலாக நர்ஸ் இல்லை; அவள் ஒருத்தியாக ஓடிக்கொண்டிருக்கிறாள். திறந்த அன்றே எட்டும் நிரம்பிவிட்டதாம். உன் வாக்குமூலத்தைக் காட்டித்தான் மேலிடத்தில் அனுமதி கேட்டார்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்களாம்.

நீ பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஞானபூரணி

திருத்தங்கல்
21-7-1963

மதினிக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

உங்கள் தம்பி வெள்ளிக்கிழமை வந்தார். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்தேன். வாசித்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பிள்ளையை வைத்த இடத்துக்குப் போகலாமா என்றார். போனோம். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று சொல்லிக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். சாமியார்மேல் குற்றமில்லை, செத்துப் பிறந்ததற்கு அதுதான் விதி. சிலுவை கிடையாது. பெயர் கிடையாது. மழையில் மண் இறங்கி, எந்த இடம் என்றே அம்மாவால் சரியாகக் காட்ட முடியவில்லை.

அங்கே நின்றுகொண்டு, “முகம் எப்படி இருந்துச்சு?” என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியாது. நான் மயக்கத்தில் கிடந்தேன். அம்மாவை உள்ளேயே விடவில்லை. அவர் காரியாபட்டியிலிருந்து வந்து சேர்வதற்குள் துணி சுற்றிப் பெட்டியை மூடிவிட்டார்கள். பார்த்தவர் நீங்கள்தான்.

எப்படி இருந்தாள் என்று எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம்.

இன்பம்

பரமக்குடி
25-7-1963

இன்பத்துக்கும் ராஜசிங்குக்கும்,

தலை நிறைய முடி. ஈரத்தோடு நெற்றியில் ஒட்டியிருந்தது. நிறம் உன் நிறம், இன்பம். மேலுதடும் உன்னுடையது. காலில் இரண்டாவது விரல் பெருவிரலைவிட நீளம். அது எங்கள் அப்பாவழி, தம்பி, உனக்கும் எனக்கும் இருக்கிறது. கை விரல்கள் மெலிந்து நீளமாக இருந்தன.

அவள் செத்துப் பிறக்கவில்லை.

ஆறு நிமிஷம் உயிரோடு இருந்தாள். அழவில்லை. விட்டுவிட்டு மூச்சு இழுத்தாள். நான் வாயில் வாய் வைத்து ஊதினேன், முதுகைத் தடவினேன், வெந்நீரிலும் பச்சைத் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கினேன். நாலாவது நிமிஷத்தில் உயிர் நிற்காது என்று தெரிந்துவிட்டது. இன்பம், நீ மயக்கத்தில் இருந்தாய். உன்னைக் கேட்க வழியில்லை. ஆனால் நீ என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். பேசினில் இருந்த தண்ணீரைக் கையில் அள்ளி அவள் தலையில் மூன்று தடவை ஊற்றினேன். எங்கள் சபையில் பரிசுத்த ஆவி என்று சொல்வோம். நான் பிதா, சுதன், இஸ்பிரித்துசாந்து என்று உங்கள் கோவில் வழக்கப்படியே சொன்னேன். சாகக் கிடந்த கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிக்கு வரும் கன்னியாஸ்திரீகள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம்; சாகும் அவசரத்தில் யார் கொடுத்தாலும் ஞானஸ்நானம் செல்லும். பெயர் வைக்க வேண்டுமே, வெளியே வராந்தாவில் நின்ற உன் அம்மாவின் பெயரை வைத்தேன். இசபெல். அந்தப் பெயரைக் கேட்ட பிறகும் இரண்டு மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்திருப்பாள், வேறு யாரும் குனிந்திருக்கவில்லை.

செத்துப் பிறந்ததாக எழுதிவிடலாம், கேள்வி வராது என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். பதினொரு மணியைத் திருத்த மாட்டேன் என்று நின்றவள் இதற்கு வாயைத் திறக்கவில்லை. விசாரணையிலும் திறக்கவில்லை. உயிரோடு பிறந்தாள் என்று தெரிந்தால், ஒரு மணிக்கே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்பதும் உனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம். சுவருக்கு வெளியே வைப்பார்கள் என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றே ஓடி வந்திருப்பேன் என்று எழுதத் தோன்றுகிறது. வந்திருப்பேனா என்று எனக்கே நிச்சயமில்லை.

பொன்னுத்தங்கம் பக்கத்தில் நின்றாள். கேட்டால் சாட்சி சொல்வாள்.

இந்தக் கடிதத்தை முதலில் சாமியாரிடம் கொடுங்கள். அவளை உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கல்லில் பெயரை வெட்டுங்கள். அதற்குப் பிறகு கலெக்டரிடம் கொடுப்பதானாலும் கொடுங்கள். அதற்காகத்தான் முழுப் பெயரும் பதவியும் போட்டுக் கையெழுத்திடுகிறேன்.

ஜே. ஞானபூரணி,
அரசினர் ஆஸ்பத்திரி நர்ஸ்.
குழந்தை இசபெல் 12-3-1963 பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் பிறந்தாள். மூன்று நாற்பத்தாறுக்கு இறந்தாள்.